ரெபர்டரி ஆப் என்ன செய்கிறது? ஒரு கால் கடுப்பை வைத்து ஓர் எளிய விளக்கம்

போன ஐப்பசியில் ஒரு நாள் பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து, கடலில் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் மாமாவின் கிளினிக்குக் கால் வலி என்று வந்தார். விரல்களில் துணி சுற்றிய தடம் இன்னும் மறையவில்லை. மாமா ஹோமியோபதி மருத்துவர். அன்று காலையில்தான் அவர் போனில் நான் ஒரு ரெபர்டரி ஆப்பை ஏற்றிக் கொடுத்திருந்தேன். அந்த ஆர்வத்தில், அக்கா உட்காருவதற்கு முன்பே 'லெக் பெயின்' என்று தட்டிவிட்டேன். திரை முழுக்க மருந்துப் பெயர்கள், எல்லாம் சுருக்கெழுத்தில். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

"மாமா, இதுல எது?" என்று கேட்டேன்.

"மாப்ள, அவங்ககிட்ட நாம இன்னும் ஒண்ணுமே கேட்கலையே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளையும், அந்த ஆப் உள்ளே செய்யும் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் இந்த மென்பொருள்கள் எதற்காக இருக்கின்றன என்பது எனக்குப் பிடிபட்டது. ஹோமியோபதி படித்துவிட்டுத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும், டாக்டர் போனில் என்ன பார்க்கிறார் என்று யோசிக்கும் நோயாளிகளுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வகை நூல்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் கடற்கரை ஆட்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஒரு மீன் பெயரைச் சொன்னால், அது எந்தெந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) கிடைக்கும், எந்த மாதம் கிடைக்கும் என்று ஒரு பழைய சம்மாட்டி, அதாவது படகுக்காரர், சொல்லுவார். அதே ஆளிடம் ஒரு பாரின் பெயரைச் சொன்னால், அங்கே என்னென்ன மீன் கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லுவார். அறிவு ஒன்றுதான், நுழையும் வாசல்தான் வேறு. ஹோமியோபதியில் மருந்தின் பெயரை வைத்துத் திறக்கும் நூல் மெட்டீரியா மெடிக்கா. அதில் ஒவ்வொரு மருந்துக்கும் கீழே அதற்குரிய குறிகள், அதாவது அறிகுறிகள், இருக்கும். குறியை வைத்துத் திறக்கும் நூல் ரெபர்டரி. அதில் ஒவ்வொரு குறிக்கும் கீழே அந்தக் குறி பதிவான மருந்துகள் இருக்கும். அந்தக் குறித் தலைப்புக்குத்தான் ரூப்ரிக் என்று பெயர். இந்த மூன்று சொற்களும் தெரிந்தால் எந்த ஆப்பைத் திறந்தாலும் மிரள வேண்டியதில்லை.

ரெபர்டரி ஏன் தேவைப்பட்டது? ஜெர்மனியில் பிறந்த சாமுவேல் ஹானிமன், ஆரோக்கியமானவர்கள் ஒரு பொருளை உட்கொண்டால் அவர்களுக்கு என்னென்ன தோன்றுகிறது என்று எழுதி வைத்தார். அதே போன்ற குறிகள் உள்ள நோயாளிக்கு அந்தப் பொருளை மிக நீர்த்த அளவில் கொடுப்பது என்பது அவர் வகுத்த முறை. 1810-இல் இந்த முறையை விளக்கும் அவருடைய ஆர்கனான் என்ற நூல் வெளிவந்தது. பொருள்கள் கூடக் கூட, குறிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. யாராலும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய மாணவர் போயனிங்ஹாசன் 1832-இல் ஒரு ரெபர்டரியை அச்சிட்டார். அமெரிக்காவில் ஜேம்ஸ் டைலர் கென்ட் 1897-இல் வெளியிட்டதுதான் இன்றைக்கும் நம் ஊர் மேசைகளில் கிடக்கும் தடித்த புத்தகம். மனம், தலைச்சுற்றல், தலை, கண் என்று தொடங்கி, தோல் வரை வந்து, கடைசியில் உடல் முழுவதற்கும் பொதுவான குறிகளோடு முடியும். மொத்தம் 37 அத்தியாயங்கள்.

கென்ட் இன்னொன்றையும் செய்தார். ஒரு ரூப்ரிக்கில் உள்ள மருந்துகளை மூன்று வகை எழுத்தில் அச்சிட்டார். தடித்த எழுத்து என்றால் அந்தக் குறி அந்த மருந்தில் அழுத்தமாகப் பதிவாகியிருக்கிறது, 3 மதிப்பெண். சாய்வெழுத்துக்கு 2. சாதாரண எழுத்துக்கு 1. ஆப் போடும் கணக்கு முழுவதும் இந்த மூன்று எண்களின் மேல்தான் நிற்கிறது.

கணினி வருவதற்கு முன் இந்தக் கணக்கை மருத்துவர்கள் தாளில் கோடு போட்டுப் போட்டார்கள். ஒரு நோயாளிக்கே அரை நாள் போய்விடும். அதைச் சுருக்கத் துளையிட்ட அட்டைகள் வந்தன. நம் நாட்டில் டாக்டர் ஜுகல் கிஷோர் அப்படி ஓர் அட்டை ரெபர்டரியை உருவாக்கினார். வேண்டிய அட்டைகளை அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், எல்லா அட்டையிலும் துளை உள்ள இடத்தில் மட்டும் வெளிச்சம் தெரியும். அந்த இடத்துக்குரிய எண்தான் மருந்து. 1980-களில் இதே வேலை கணினிக்குள் போனது. பெல்ஜியத்தில் ராடார், அமெரிக்காவில் மேக்ரெபர்டரி, பிறகு மும்பையில் டாக்டர் ஜவாஹர் ஷாவின் ஹோம்பாத். இப்போது போன் திரையில் நாம் பார்ப்பது அந்த அட்டைக்கட்டின் பேரப்பிள்ளை.

சரி, பாசி அக்காவிடம் வருவோம்.

மாமா அவரைப் பேசவிட்டார். அக்கா சொன்னது இது: "அண்ணே, காலு கடுக்குது. காலையில எந்திரிச்சதும் ஊண்ட முடியல. தண்ணியில இறங்கி நாலு எட்டு நடந்துட்டா சரியாப் போயிடுது. வாடை அடிச்சு மழை கட்டிட்டா திரும்பப் பிடிச்சுக்குது."

மாமா இதை மூன்று துண்டாகப் பிரித்தார். முதலில் அசையத் தொடங்கும்போது வலி கூடுகிறது. தொடர்ந்து அசைந்தால் குறைகிறது. ஈர வானிலையில் கூடுகிறது. இப்படி எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதை மொடாலிட்டி என்பார்கள். மூன்றுக்கும் ஆப்பில் தனித்தனி ரூப்ரிக் இருக்கிறது, மூன்றும் கடைசி அத்தியாயமான பொதுக்குறிகளில். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்துப் பெட்டியில் போட்டு, ரெபர்டரைஸ் என்ற பொத்தானைத் தட்டினால், ஆப் மூன்று ரூப்ரிக்கிலும் உள்ள மருந்துகளின் மதிப்பெண்களைக் கூட்டி வரிசைப்படுத்துகிறது. ரஸ் டாக்ஸ் என்ற மருந்து இந்த மூன்றிலும் தடித்த எழுத்து. அதனால் மூன்று மூன்றாக 9. திரையில் 9/3 என்று வரும். கூட்டுத்தொகை ஒன்பது, இடம்பெற்ற ரூப்ரிக் மூன்று என்று அர்த்தம். பல்சட்டிலா, லைக்கோபோடியம் எல்லாம் மேல்வரிசையில் பக்கத்திலேயே நிற்கும். கால் வலி என்று தட்டியபோது வந்த நீண்ட பட்டியல், அந்த அக்காவுக்கே உரிய மூன்று குறிகளைக் கொடுத்ததும் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது.

ஆனால் மாமா அத்தோடு மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. ஆப்பிலேயே மெட்டீரியா மெடிக்கா பக்கத்துக்குப் போய் மேலே நின்ற மருந்துகளைப் படித்தார். ரஸ் டாக்ஸுக்கு ஓரிடத்தில் படுத்திருக்க முடியாத அமைதியின்மை முக்கியமான குறி. உடனே, "ராத்திரி ஒரே பக்கமாப் படுக்க முடியுதாம்மா?" என்று கேட்டார். "எங்கண்ணே, புரண்டு புரண்டுதான்" என்றார் அக்கா. ரெபர்டரி அவரை மெட்டீரியா மெடிக்காவுக்கு அனுப்பியது, மெட்டீரியா மெடிக்கா மறுபடி நோயாளியிடம் அனுப்பியது. இந்தப் போக்குவரத்துக்குத்தான் ஆப். முதல் இடத்தில் வந்த மருந்தை அப்படியே எடுத்துக் கொடுப்பவர், கணக்கின் விடையை மட்டும் பார்த்து எழுதும் மாணவனின் நிலையில் இருக்கிறார்.

முதல் வரிசையை ஏன் நம்பக்கூடாது என்பதற்குக் கணக்கிலேயே ஒரு காரணம் இருக்கிறது. சல்பர், லைக்கோபோடியம், நக்ஸ் வாமிகா, பல்சட்டிலா, செபியா, கல்கேரியா கார்ப் போன்ற சில மருந்துகள் மிக விரிவாக ஆராயப்பட்டவை. இவற்றைப் பாலிகிரெஸ்ட் என்பார்கள். ரெபர்டரியில் கண்ட இடத்திலெல்லாம் இவை இருக்கும். அதனால் நீங்கள் எந்த ஐந்து ரூப்ரிக்கை எடுத்தாலும் இவற்றில் இரண்டு மூன்று மேலே மிதந்து வந்துவிடும். குறைவாகப் பதிவான சின்ன மருந்து, பொருத்தமாகவே இருந்தாலும், கீழே அமுங்கிக் கிடக்கும். சில ஆப்களில் சின்ன மருந்துகளை மட்டும் காட்டும் வசதியும், ஒரு குறிக்குக் கூடுதல் எடை கொடுக்கும் வசதியும், ஒரு ரூப்ரிக்கில் இல்லாத மருந்துகளை முழுக்க நீக்கும் வசதியும் உண்டு. இந்த நீக்கும் வசதியைப் புதியவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. தேர்ந்தெடுத்த ரூப்ரிக் தவறு என்றால், வேண்டிய மருந்து திரைக்கே வராமல் போய்விடும்.

ரூப்ரிக்கின் அளவும் முக்கியம். பலவீனம் என்பது போன்ற ரூப்ரிக்கில் நூற்றுக்கணக்கான மருந்துகள் இருக்கும், அதைச் சேர்ப்பதால் ஒன்றும் பிரியாது. ஒரே ஒரு மருந்து உள்ள ரூப்ரிக்கை நம்பினால் அந்த ஒன்றிலேயே மாட்டிக்கொள்வோம்.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம், சொல். ஆப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரூப்ரிக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இருக்கின்றன. நோயாளி பேசுவது பாம்பன் தமிழ், மண்டபத்துத் தமிழ், கீழக்கரைத் தமிழ். நடுவில் இருப்பது மருத்துவரின் காது ஒன்றுதான்.

கடுப்பு என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கால் கடுக்கிறது என்றால் மந்தமான, விடாத வலி. அது கைகால் அத்தியாயத்தில் 'ஏக்கிங்' என்ற தலைப்பின் கீழ். நீர்க்கடுப்பு என்றால் சிறுநீர் போகும்போது எரிச்சல். அதற்கு மூத்திரப்பை, மூத்திரக் குழாய் அத்தியாயங்கள். வயிற்றுக்கடுப்பு என்று சொல்லி வருகிறவருக்குப் பெரும்பாலும் சீதபேதியும், போன பிறகும் போக வேண்டும் போன்ற முக்கலும். அதை வயிற்று அத்தியாயத்தில் தேடினால் கிடைக்காது, மலக்குடல் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். தேள் கொட்டிய கடுப்பு வேறு. கல்லூரிப் பையன் "ஒரே கடுப்பா இருக்கு" என்றால் அது மனம் அத்தியாயம், எரிச்சல் குணம். ஒரே சொல், ஐந்து வாசல்.

நெஞ்சும் அப்படித்தான். "நெஞ்சு கரிக்குது" என்று ஒருவர் சொன்னதும் மார்பு அத்தியாயத்தைத் திறந்தால் தவறு. நெஞ்சுக்கரிப்பை கென்ட் இரைப்பை அத்தியாயத்தில் வைத்திருக்கிறார். தலை கிறுகிறுப்பைத் தலை அத்தியாயத்தில் தேடக்கூடாது, தலைச்சுற்றலுக்கென்று தனி அத்தியாயமே உண்டு. விறுவிறுப்பு என்றால் ஊசி குத்துவது போன்ற உணர்வு, மதமதப்பு என்றால் உணர்வு மங்கல். இரண்டையும் ஒரே ரூப்ரிக்கில் போட்டுவிடக் கூடாது. குடைச்சல், குத்தல், சுண்டி இழுப்பது, அடித்துப் போட்ட மாதிரி வலி, இவை ஒவ்வொன்றுக்கும் கென்ட்டில் தனித்தனிச் சொல் இருக்கிறது. நம் ஆட்கள் வலியைப் பிரித்துச் சொல்வதில் கென்ட்டுக்குக் குறைந்தவர்கள் இல்லை. அந்த நுட்பத்தை 'பெயின்' என்ற ஒரே சொல்லில் கரைத்துவிட்டு ஆப்பைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

மாமா இதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். இடப்பக்கம் நோயாளி சொன்ன சொல் சொன்னபடியே, வலப்பக்கம் ரூப்ரிக். காற்றுக்கே இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். கச்சான் அடித்தால் கூடுவது, வாடையில் கூடுவது, கொண்டலில் கூடுவது என்று. கச்சான் வறண்ட காற்று, வாடையும் கொண்டலும் ஈரத்தைக் கொண்டு வருபவை. கடற்காற்றுக்கும் கென்ட்டில் ரூப்ரிக் உண்டு. கடலோரத்தில் கூடும் குறிகளுக்கு அங்கே நிற்கும் மருந்துகளில் ஒன்று நேட்ரம் மூர், அதாவது சாதாரண உப்பு. வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று மனதில் நிற்கும். செபியா என்பது கணவாய் மை. கல்கேரியா கார்ப் சிப்பி ஓட்டிலிருந்து, ஸ்பாஞ்சியா வறுத்த கடல் பஞ்சிலிருந்து, கொராலியம் சிவப்புப் பவளத்திலிருந்து. மெட்டீரியா மெடிக்கா ஆப்பை முதல் முறை திறக்கிறவர்கள் இந்தக் கடல் மருந்துகளிலிருந்து படிக்கத் தொடங்கலாம், பெயரும் பொருளும் ஒட்டிக்கொள்ளும்.

பழைய நூல் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. கைப்பட்டை கட்டிப் பார்க்கும் ரத்த அழுத்தக் கருவியை இத்தாலியின் ரிவா ரோச்சி 1896-இல்தான் அறிவித்தார். கென்ட்டின் நூல் அடுத்த ஆண்டு. அதனால் உயர் ரத்த அழுத்தம் என்று கென்ட்டில் தேடினால் கிடைக்காது. புதிய ரெபர்டரிகளில் இருக்கும்.

எந்த ஆப்பை எடுப்பது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கென்ட், மெட்டீரியா மெடிக்கா எழுதிய போரிக் போன்றவர்களின் நூல்களுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதனால் இலவச ஆப்களில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். ஓரெப் என்ற திறந்த மூல ரெபர்டரியைப் பிரௌசரிலேயே காசில்லாமல் பயன்படுத்தலாம். சிந்தசிஸ், கம்ப்ளீட் போன்ற பெரிய நவீன ரெபர்டரிகள் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்குத்தான் போக வேண்டும். கற்றுக்கொள்ள கென்ட்டும் போரிக்கும் போதும். நோயாளி விவரங்களைச் சேமிக்கும் ஆப்கள் தனி வகை, சிலவற்றில் எல்லாம் ஒன்றாகவே வரும்.

நம் கரைக்கு அவசியம் பார்க்க வேண்டியது, நெட் இல்லாமல் ஓடுமா என்பது. தனுஷ்கோடிப் பக்கம் முகாம் போனால் சிக்னலை நம்ப முடியாது. இறக்கிய பிறகு ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு முறை திறந்து பாருங்கள், தெரிந்துவிடும். அப்புறம், உப்புக்காற்று சார்ஜர் துளையைத் தின்றுவிடும். போன் ஒரு நாள் உயிரை விட்டால் நோயாளிகளின் பதிவும் போய்விடும். மாமாவுக்கு அப்படி ஒரு முறை எட்டு மாதப் பதிவு போனது. அன்று முதல் வாரம் ஒரு முறை பேக்கப், நோட்டிலும் ஒரு வரி.

பேக்கப் எங்கே போகிறது என்றும் பாருங்கள். நம் ஊர் சின்ன ஊர். மனம் அத்தியாயத்தில் பதிவாகும் துக்கமும் பயமும் வெளியே தெரிந்தால் ஒரு குடும்பமே தலைகுனிய நேரும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் விவரத்தைக் காக்கும் பொறுப்பை நம்மேல் வைக்கிறது. மாமா ஆப்பில் பெயரே போடுவதில்லை, எண் மட்டும். எண்ணுக்குரிய பெயர் அவர் மேசை டிராயரில்.

சுருக்கெழுத்தில் கவனம் வேண்டும். 'பெல்' என்றால் பெல்லடோனா, 'பெல்-பி' என்றால் பெல்லிஸ் பெரென்னிஸ். 'நேட்-எம்', 'நேட்-எஸ்', 'நேட்-சி' மூன்றும் மூன்று மருந்துகள். சின்னத் திரையில் பெருவிரல் அரை அங்குலம் தள்ளிப் பட்டால் போதும். நானே ஒரு முறை பெல்-பி பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பெல்லடோனா என்று மாமாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். முழுப் பெயரைக் காட்டும் அமைப்பு பெரும்பாலான ஆப்களில் இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள்.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரெபர்டரி காட்டுவது ஒரு குறிக்கும் ஒரு மருந்துக்கும் நூலில் பதிவான தொடர்பை மட்டுமே. அந்த மருந்து குணப்படுத்தும் என்பதற்கு அது சான்று ஆகாது. 9/3 என்ற எண்ணைப் பார்த்துப் பரிசோதனைக் கூட முடிவு போல நினைத்துவிடக் கூடாது. மருந்தின் வீரியத்தில் 'சி' என்பது ஒவ்வொரு முறையும் நூறு மடங்கு நீர்ப்பது. 30சி என்றால் அதை முப்பது முறை செய்தது, அதில் ஒன்றுக்குப் பின் 60 சுழியங்கள் போட்ட அளவுக்கு நீர்க்கப்பட்டிருக்கிறது. 12சி தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதற்கான வாய்ப்பு மிக அரிது. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2015-இல் அறிவித்தது. ஆப்பைத் திறக்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் சொல்லவும் வேண்டும். போனில் ஆப் இருப்பதால் யாரும் மருத்துவர் ஆகிவிடுவதும் இல்லை. அதற்கு ஐந்தரை ஆண்டு பி.ஹெச்.எம்.எஸ். படிப்பும் பதிவும் வேண்டும்.

ஆப் தானாகக் கேட்காத கேள்விகள் இருக்கின்றன. பாசி அக்காவிடம் மாமா கேட்டார்: "வலி ரெண்டு காலுமா, ஒரு காலா? வீக்கம் இருக்கா? சர்க்கரை பார்த்து எத்தனை நாளாச்சு?" ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அது ரெபர்டரி பார்க்கும் நேரம் இல்லை. நெஞ்சு அடைக்கிறது, வாய் கோணுகிறது, கடல் பாம்பு கடித்துவிட்டது, திருக்கை முள் ஆழமாக இறங்கிவிட்டது என்று யாராவது வந்தால் மாமா போனை எடுப்பது 108-ஐ அழைக்க மட்டும்தான். ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரத்தில் ஒரு நிமிடத்தைக் கூட ரூப்ரிக் தேடுவதில் செலவிடக் கூடாது.

அக்காவுக்கு இரண்டு காலிலும் வலி, வீக்கம் இல்லை. மருந்தோடு ரத்தச் சர்க்கரை பார்க்கச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். அவர் போன பிறகு நோட்டை எடுத்து, இடப்பக்கம் "காலு கடுக்குது, ஊண்ட முடியல, நடந்தா சரியாப் போயிடுது" என்று சொன்னபடியே எழுதினார். வலப்பக்கம் என்னை நிரப்பச் சொன்னார். மூன்று ரூப்ரிக்கையும் ஆப்பில் பார்த்துப் பார்த்து எழுதி முடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. ஆப்பை இறக்கியவர்கள் முதல் வாரம் இதைச் செய்து பாருங்கள்: ஒரு நாளைக்கு ஒரு நோயாளி, அவர் வாயால் சொன்ன மூன்று வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் தேடிக் கண்டுபிடித்த ரூப்ரிக். ரெபர்டரைஸ் பொத்தானை அடுத்த வாரம் தட்டிக்கொள்ளலாம்.